விரல் போகும் விரிசல்

தோல் மண்டியில் நான் பதினோரு வருஷம் கடிதம் எழுதிப் பிழைத்தவன். பெரும்பாலும் புகார்க் கடிதம். கிராமங்களிலிருந்து உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலில், உரிக்கிறவனுடைய கத்தி நழுவிய இடத்திலெல்லாம் ஓட்டை இருக்கும். கட்டைப் பிரித்து, இன்ன தோலில் இவ்வளவு பெரிய ஓட்டை என்று சரக்கு அனுப்பியவருக்கு எழுதினால் அவர் விலையைக் குறைத்துக்கொள்வார். ஓட்டையைப் பார்த்துச் சொல்ல மண்டியில் ஒருவர் இருந்தார். தரம் பிரிக்கிறவர். தோலைத் தூக்கிப் பிடித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "விரல்" என்பார். நான் "கை" என்று எழுதுவேன். அவர் "கை" என்றால் நான் "தலை" என்று எழுதுவேன்.

இதை யாரும் மோசடி என்று நினைக்கவில்லை. படிக்கிறவரும் அதே தொழில்காரர். எதை எழுதினாலும் பாதியாக்கித்தான் படிப்பார். உள்ளதை உள்ளபடி எழுதினால் அதையும் பாதியாக்கிவிடுவார், நஷ்டம் நமக்கு. தரம் பிரிக்கிறவர் மட்டும் ஒருநாளும் கூட்டிச் சொன்னதில்லை. நகம் என்றால் நகம், விரல் என்றால் விரல். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதுங்க, எழுதுங்க. விரல் என்னுது, கை உங்களுது" என்பார். எனக்கு என் கையெழுத்தின்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆம்பூரைச் சுற்றியுள்ள தோல் ஊர்களில் ஒன்று எங்களுடையது. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பஜாருக்கு மின்சார விளக்கு வந்து, வீடுகளுக்கு வந்திராத காலம். தரம் பிரிக்கிறவரும் நானும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். ஒரு வாசல், ஒரு நடை, நான்கு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். அவர்கள் முஸ்லிம்கள், வீட்டுக்குள் உருதும் எங்களோடு தமிழும் பேசுவார்கள். மற்ற இரண்டு குடித்தனங்களில் ஒருவர் வளையல் கடைக்காரர், ஒருவர் குடியாத்தம் லுங்கியை வாங்கி ஊர் ஊராக விற்கிறவர். யார் என்ன சாதி, என்ன மதம் என்று அந்தத் தெருவில் அதிகம் பேச முடியாது. எல்லார் மேலும் ஒரே நாற்றம்தான் அடித்தது.

ஒரு மாசிமாதம் தரம் பிரிக்கிறவர் காய்ச்சலில் படுத்தார். மூன்றாவது வாரம் தன் அறையிலேயே இறந்துபோனார். மனைவியும் நான்கு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். அந்தம்மா இத்தாவில் உட்கார்ந்தார். புருஷன் இறந்தால் அவர்களில் மனைவி நான்கு மாதம் பத்து நாள் அதே வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, அயல் ஆண் முகம் பார்க்கக் கூடாது. வாசலில் ஒரு கோணித்திரை தொங்கியது. உள்ளே போகவும் வரவும் பெண்கள் மட்டும். பேரணாம்பட்டிலிருந்து அவருடைய அண்ணன் மாதம் ஒருமுறை வந்து அரிசி போட்டுவிட்டுப் போவார். இத்தா முடிந்ததும் தங்கையை அழைத்துக்கொண்டு போய்விடுவதாக எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஐம்பது நாள் போனபிறகு வீட்டுக்காரர் கட்டிட வேலையை ஆரம்பித்தார். பின்பக்கத்துக் காலிமனையில் தோல் கிடங்கு ஒன்று எழுப்பி, பிறகு எங்கள் வீட்டையும் அதோடு சேர்த்துவிடுவது அவர் திட்டம். இது ஊருக்கே தெரியும். எங்களைப் போகச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கிணற்றின்மேல் பலகையைப் போட்டு அதன்மேல் மணலைக் கொட்டினார். கக்கூஸ் சுவரை, வண்டி போக வழியில்லை என்று இடித்தார். நாங்கள் போய்க் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னா பண்றது, வேல நடக்குது. ஒங்களுக்குப் பேஜாரா இருந்தா நான் இன்னா கட்டியா வெச்சிருக்கேன்?" என்பார்.

நான் முனிசிபாலிட்டிக்கு ஒரு மகஜர் எழுதினேன். வீட்டில் இருந்தது குழந்தைகளோடு பத்தொன்பது பேர். அறுபது ஜீவன்கள் என்று எழுதினேன். ஜீவன்கள் என்று போட்டதால் கோழிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் நியாயம். நாங்கள் மூன்று குடித்தனக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம்; அந்தம்மா திரைக்குப் பின்னாலிருந்து கைநாட்டு வைத்தார். நாலாம் நாள் ஓவர்சீர் வந்தார். ஒல்லியான மனிதர், கக்கத்தில் அடிக்கோல். மணலையும் இடிந்த சுவரையும் பார்த்துவிட்டு வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் கிணறு திறந்தது, கக்கூஸுக்குத் தட்டி மறைப்பு வந்தது, அதுவரைக்கும் முனிசிபாலிட்டித் தண்ணீர் வண்டி தினம் காலையில் எங்கள் வாசலில் நின்றது. தெருவில் என்னை ஒரு வக்கீலைப் போலப் பார்த்தார்கள். அந்த ஒரு வாரம் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

வீட்டுக்காரர் அடுத்த வேலையில் இறங்கினார். கிடங்குக்குக் கடக்கால் தோண்டும்போது அந்தம்மா அறையின் பின்சுவரை ஒட்டித் தோண்டினார். தோண்டிய பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே, சுவர்மேலேயே சாய்த்து, கூரைத் தாழ்வாரம் உயரத்துக்குச் செங்கல்லை அடுக்கினார். இடம் இல்லையாம். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது என் மனைவி, அந்தம்மா ஏதோ சொல்லவேண்டும் என்கிறார் என்றாள். நான் நடையில், கோணித்திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அண்ணே, பின்சுவத்துல விரிசல் உட்டிருக்கு."

"எவ்ளோம்மா?"

"விரல் போவுது. சுண்ணாம்புத் தூசி ஜாஸ்தி வருது. கொழந்த இருமுது. அந்தக் கல்ல மட்டும் எடுக்கச் சொல்லி எழுதுங்க, போதும்."

அன்று சாயங்காலமே எழுதினேன். விரல் என்று அந்தம்மா சொன்னது அவர் புருஷன் சொல்கிற அதே தோரணையில் இருந்தது. என் பேனாவும் பழக்கப்படிதான் போயிற்று. "மேற்படி சுவரில் ஏற்பட்டுள்ள பிளவில் ஒரு ஆளின் கை மணிக்கட்டு வரை தடையின்றி உட்செல்கிறது, கட்டிடம் எந்த நிமிஷமும் விழுந்து உயிர்ச்சேதம் விளைவிக்கும் நிலையில் இருக்கிறது" என்று எழுதினேன். அடியில் கோடுகூடப் போட்டேன். பாதியாக்கிப் படித்தாலும் கல்லையாவது எடுக்கச் சொல்வார்கள் என்பது என் எண்ணம்.

முனிசிபாலிட்டியில் யாரும் பாதியாக்கிப் படிக்கவில்லை.

ஓவர்சீர் மறுபடி வந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். செங்கல் அடுக்குத்தான் தெரிந்தது, சுவர் தெரியவில்லை. அடுக்கைப் பிரிக்க வீட்டுக்காரரிடம் ஆள் இல்லையாம். உள்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றால் திரை தொங்குகிறது, உள்ளே இத்தாவில் இருக்கிற பெண்பிள்ளை. ஓவர்சீர் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தொண்டையைக் கனைத்தார். பிறகு என் மகஜரை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த அளவைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மரியாதை தெரிந்த மனிதர். எழுதப்பட்டிருந்ததை நம்பினார்.

ஒரு வாரத்தில் பியூன் நோட்டீஸை வாசற்கதவில் ஒட்டினான். மேற்படி கட்டிடம் அபாயகரமான நிலையில் இருப்பதாகக் குடியிருப்பவர்களே தெரிவித்திருப்பதால், அவர்களுடைய உயிரைக் காப்பாற்றும் பொருட்டு, ஏழு நாளைக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். பிறகு வீட்டுக்காரர் அதை இடித்துக் கட்டிக்கொள்ளலாம். நான் இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரர் அன்று மாலை வந்து அதையே வாய்விட்டுப் படித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கே. நான் காசு குடுத்து எழுத வெச்சிருந்தாகூட இவ்ளோ நல்லா வந்திருக்காது" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வளையல் கடைக்காரரும் லுங்கிக்காரரும் என்னைத் திட்டிவிட்டு வேறு வீடு தேடக் கிளம்பினார்கள். என் மனைவி விரிஞ்சிபுரத்துக்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் வீடு இருந்தது, நாங்கள் அங்கே ஒண்டிக்கொள்ளலாம். போக முடியாதவர் ஒருவர்தான். இத்தாவில் இன்னும் முப்பத்தொன்பது நாள் பாக்கி. என் மனைவி கணக்கு வைத்திருந்தாள்.

பேரணாம்பட்டு அண்ணன் வந்து பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். வீடு நிஜமாகவே விழுகிற நிலையில் இருந்தால் போகலாம், பாவமில்லை. இல்லையென்றால் இருந்த இடத்தில்தான் முடிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அண்ணனுக்குத் தலைமேலிருந்த பாரம் இறங்கிய மாதிரி ஆயிற்று. நோட்டீஸே சொல்கிறதே, கிளம்பு என்றார். அந்தம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் மறுபடி திரைக்கு முன்னால் போய் நின்றேன். அண்ணன் நடையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் இன்னா சொன்னேன் அண்ணே?"

"விரல்னு சொன்னீங்க."

"நீங்க இன்னா எழுதினீங்க?"

"கைன்னும்மா."

"விரலுக்கு வீடு உழுவாது. நீங்க எழுதினதுக்கோசரம் நான் இத்தாவ உட்டுட்டுப் போனா, நாளைக்கு அல்லாகிட்ட நான் இன்னான்னு சொல்வேன்? மண்டிக்காரர் அப்படி எழுதிட்டாருன்னா?" பிறகு சொன்னார்: "நாலு மாசம் பத்து நாளு. அவருக்கு இனிமே நான் செய்யறது இது ஒண்ணுதான். அதையும் பாதில உட்டுட்டுப் போவச் சொல்றீங்க."

நான் யாரையும் போகச் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. பதினோரு வருஷத்தில் எழுதியதற்காக நான் வெட்கப்பட்டது அன்றுதான்.

மறுநாள் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். ஓவர்சீர் தன் மேஜைக்கு முன்னால் என்னை நிறுத்தி வைத்து, மகஜரை எடுத்து, நான் கோடு போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கை போவுதா, போவலயா?"

"போவாது சார். விரல்தான்."

"அப்ப ஏன் கைன்னு எழுதின?"

"மண்டியில அப்படித்தான் சார் எழுதறது."

"இது தோல் இல்லய்யா. சுவரு."

அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. ஏதோ புது ஊருக்கு வந்துவிட்டவரைப் போல என்னைப் பார்த்தார். முன்பு எழுதியது பொய் என்றும், விரிசல் ஒரு விரல் அளவே என்றும் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். ஒரு அட்சரம் கூட்டவில்லை. கையெழுத்துப் போடும்போது பக்கத்து மேஜைக் குமாஸ்தா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். இனிமேல் அந்த ஆபீசில் என் மகஜர் எதுவும் செல்லாது என்று எனக்கே தெரிந்தது.

"சரி," என்றார் ஓவர்சீர். "அன்னைக்கு உன்ன நம்பினேன். இன்னைக்கும் உன்னயே நம்பி உத்தரவ மாத்த முடியாது. யாராவது உள்ள போய்ப் பாக்கணும். நான் போவ முடியாது, நீயும் போவ முடியாது. குடியிருக்கிற பொம்பளைங்க பேச்சு செல்லாது, அவங்க மகஜர் குடுத்தவங்க." கொஞ்ச நேரம் அடிக்கோலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, பியூனைக் கூப்பிட்டு, பிரசவ வார்டிலிருந்து நர்ஸம்மாவை வரச் சொன்னார். முனிசிபாலிட்டிச் சம்பளம் வாங்குகிற பெண் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

நர்ஸம்மா கனத்த சரீரம், வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள், ஆகையால் யாரிடமும் மரியாதை கொடுத்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "பிள்ள பெத்துக்கத்தான் என்னக் கூப்பிடுவாங்க. சுவரும் பெத்துக்க ஆரம்பிச்சிடுச்சா" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஓவர்சீரின் கையிலிருந்து அடிக்கோலை வாங்கிக்கொண்டு திரையைத் தள்ளி உள்ளே போனார். என் மனைவியும் கூடப் போனாள். ஓவர்சீரும் நானும் நடையில் நின்றோம்.

ஒரு சுவரை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? பேச்சுக் குரல் தாழ்வாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது. ஓவர்சீர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் நர்ஸம்மா மணிக்கட்டில் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"விரல்தான்," என்றார். சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"கட்டிடத்துக்கு அபாயம் ஒண்ணும் இல்லயே?"

"விரலுக்கு இன்னா அபாயம்? ஆனா தோண்டறத நிறுத்தச் சொல்லு. பள்ளத்த அந்தப் பக்கம் மூடச் சொல்லு. முட்டு குடுக்கணும். அஞ்சு முட்டு."

"ஒரு விரல் விரிசலுக்கு அஞ்சா?"

"அஞ்சு. நல்ல பனங்கட்டையா. செங்கல்லத் தொட வேணாம், எடுத்தா சுவரு ஆட்டம் குடுக்கும். அப்படியே மேல பலகைய வெச்சு முட்டு குடுக்கச் சொல்லு."

"எத்தினி நாளைக்கு?"

நர்ஸம்மா என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பது நாள்," என்றார். ஓவர்சீர் எழுதிக்கொண்டார்.

முனிசிபாலிட்டியின் காரியத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றே நாளில் புது நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர் தம் செலவில் முட்டுக் கொடுக்க வேண்டும், நாற்பது நாளைக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி விழக் கூடாது, அதுவரை யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது. ஓவர்சீர் தாமே வெயிலில் நின்று ஐந்து பனங்கட்டைகளையும் நடவைத்தார். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் அந்த வழியே வந்து, ஒவ்வொரு கட்டையையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுப் போவார். நர்ஸம்மாவும் வாரம் இரண்டு தடவை வந்து போனார். குழந்தையின் இருமலைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மற்ற இரண்டு குடித்தனக்காரர்களும் வேறு வீடு பார்த்துவிட்டாலும் அந்த நாற்பது நாள் தங்கிவிட்டார்கள். ஆண்கள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் மட்டும் முன்னைவிட ஒற்றுமையாக இருந்தார்கள்.

அந்த நாட்களில் அந்தம்மாவின் குழந்தை எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் என்று என் மனைவி சொன்னாள். சரி என்று நானும் விட்டுவிட்டேன். என்னை மாமு என்று கூப்பிடும், நான் எழுதும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து மைக்கூட்டை முகர்ந்து பார்க்கும். பகலில் என் மனைவியோ வளையல்காரர் மனைவியோ அந்தம்மாவைப் பேச்சுத் துணைக்கென்று முன்பக்கம், கோணித்திரைக்கு அருகே இழுத்து உட்கார வைத்துக்கொண்டிருப்பார்கள். பொழுதெல்லாம் அப்படி என்னதான் பேசுவார்களோ என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

முப்பத்தொன்பது நாளும் முடிந்தது. நாற்பதாம் நாள் காலையில் அண்ணன் ஜட்கா வண்டியோடு வந்தார். அந்தம்மா புர்காவோடு நடைக்கு வந்தார். நான்கு மாதத்துக்குமேல் குரலாக மட்டும் கேட்டவரை அன்றுதான் ஆளாகப் பார்த்தேன், புர்காதான் தெரிந்தது. என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். வண்டியில் ஏறுவதற்கு முன் என் பக்கம் திரும்பினார்.

"என்னால ஒங்க பேரு கெட்டுடுச்சு அண்ணே. மாப் பண்ணிடுங்க."

"நான் எழுதின பொய்க்கு நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். அண்ணன் நேரமாகிறது என்றார். வண்டி போய்விட்டது. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனசுக்குத் திருப்தியாக இருந்தது. செய்த தவறைத் திருத்திவிட்டேன், ஒரு பெண் தன் கடமையை இருந்த இடத்திலேயே முடித்தாள், அதற்குக் காரணம் என் உண்மை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு நான்கு நாள் நீடித்தது.

ஐந்தாம் நாள் நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் பின்பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "எழுத்துக்காரரே, கொஞ்சம் வந்துட்டுப் போ. உன் விரலப் பாரு வா."

முட்டுகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். செங்கல் அடுக்கைப் பிரித்திருந்தார்கள். சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து நின்றது. பிளவு முழுக்கத் துணி. மேஸ்திரி ஒரு கொக்கியை வைத்துத் துணியைச் சிறுகச் சிறுக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே அறைப் பக்கத்திலிருந்து அடைத்தது. ஆகையால் முதலில் அடைத்தது எங்கள் பக்கமாக முதலில் வந்தது.

முதலில் கிழித்த நாடா நாடாவாக ஒரு பழைய லுங்கி. விரல் கனத்துக்குத்தான் சுருட்டியிருந்தது. அப்புறம் ஒரு பனியன், மண்டி உப்புக் கறையோடு. அது எனக்கு அடையாளம் தெரிந்தது. அப்புறம் கிழிக்காத லுங்கி ஒன்று, இன்னொன்று. ஒரு சட்டை. மடித்த மடிப்புக் கலையாத இன்னொரு சட்டை. ஒரு கம்பளிப் போர்வையில் பாதி. எல்லாவற்றுக்கும் கடைசியாக மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, ஒரு கறுப்புக் கோட்டு வந்தது. பித்தளைப் பொத்தான். தரம் பிரிக்கிறவர் வருஷத்தில் இரண்டு நாள், பெருநாள் தொழுகைக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டு போவார். மண்டியில் நாங்கள் கேலி செய்வோம்.

இறந்தவருடைய துணியை அவர்கள் வழக்கமாக ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்தம்மா கொடுக்கவில்லை.

"விரல்னு எழுதிக் குடுத்தியே," என்றார் வீட்டுக்காரர். அவருக்கு உண்மையிலேயே முகம் வெளுத்திருந்தது. "எம்மேல உழுந்திருந்தா பரவால்ல. அந்தப் பொம்பள மேல உழுந்திருந்தா நான் ஜெயிலுக்கில்ல போயிருப்பேன்."

நான் பிளவுக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் தடையில்லாமல் போயிற்று. மணிக்கட்டையும் தாண்டிப் போயிற்று. விட்ட கையை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நான் எழுதியது சரி. அந்த ஆபீசில் தலைகுனிந்து நின்று, ஒரு அட்சரம்கூடக் கூட்டாமல் எழுதினேனே, அதுதான் பொய். அப்புறம்தான் பயம் வந்தது, முடிந்துபோன முப்பத்தொன்பது நாளுக்கும் சேர்த்து. எந்த நாளில் விரல் கையாயிற்று என்று எனக்குத் தெரியாது. அல்லாவிடம் என்ன சொல்வேன் என்று அந்தம்மா என்னைக் கேட்டபோது இதில் எத்தனை துணி சுவருக்குள் இருந்தது என்றும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதும் இல்லை.

துணிகளையெல்லாம் பொறுக்கி மூட்டையாகக் கட்டி வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு வந்தேன். கோட்டை மட்டும் மேலே வைத்திருந்தேன். என் மனைவி மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து, கடைசி வேளைச் சமையலுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மூட்டையைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. கோட்டைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோட்டயும் வெச்சிட்டாங்களா," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். இது தெரியாது. மத்தது தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கொழந்தய இங்க படுக்க வெச்சேனே, அப்பலேர்ந்து. எல்லாருக்கும் தெரியும். நர்ஸம்மாதான் பயந்துகினே இருந்தாங்க."

"எல்லாருக்கும்னா?"

"பொம்பளைங்க எல்லாருக்கும்."

நான் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதில் இன்னும் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"சொன்னா நீங்க எழுதிடுவீங்க."